ஊர்க் கண்மாயை ஒரு வருஷம் முழுக்க எண்ணிப் பார்ப்பது எப்படி: மதுரைப் பக்கத்துக்கான முழு வழிகாட்டி

மதுரையைச் சுற்றி இருக்கிற கண்மாய்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், படம் எடுத்துப் போடுகிறோம், கூழைக்கடா வந்து இறங்கினால் ஊரே கரையில் வந்து நிற்கிறது. ஆனால் அதே கண்மாய்க்குள் நாளைக்கு ஒரு சாலையோ கட்டடமோ வரப்போகிறது என்றால், "இங்கே என்னென்ன உயிர்கள் இருக்கு, எந்த மாசத்துல இருக்கு, எத்தனை இருக்கு?" என்று கேட்பவரிடம் நீட்டுவதற்கு நம் கையில் ஒரு தாள்கூட இருப்பதில்லை. அந்தத் தாளை நீங்களே தயார் செய்வதற்குத்தான் இந்த வழிகாட்டி. விலங்கியல் பட்டம் தேவையில்லை. ஒரே இடத்துக்கு, ஒரே முறையில், ஒரு வருஷம் விடாமல் போகிற பிடிவாதம் மட்டும் வேண்டும்.

அந்தத் தாள் ஏன் முக்கியம் என்பதற்கு மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022-ல் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களிலும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள், ஏறக்குறைய 250 வகைப் பறவைகள், அதில் லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு மாதிரி அரியவை என்று ஒரு பட்டியலே அந்த அறிவிப்புக்கு அடிப்படையாக இருந்தது. அப்புறம் 2024 நவம்பரில், அதே பகுதியை உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போன செய்தி வந்தது. ஊர் ஊராக மக்கள் திரண்டு போராடினார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. நிறுத்தியது மக்கள் போராட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ரத்தாவதற்கு முன்னால் டிசம்பரில் ஒன்றிய அரசு என்ன சொன்னது என்று பாருங்கள்: பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கிவிட்டு எல்லையை மறுபடி வரையலாமா என்று புவியியல் ஆய்வுத் துறை பரிசீலிக்கட்டும் என்றது. அதாவது பட்டியல் இருந்த பத்தில் ஒரு பங்கு நிலம் தனியாகப் பேசப்பட்டது. பட்டியல் இல்லாத மீதி ஒன்பது பங்கிலும் கண்மாய் உண்டு, கோயில்காடு உண்டு, தேவாங்கு வாழ்கிற புதர் உண்டு. காகிதத்தில் அவை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: எந்தக் கண்மாய்?

வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடியது. இதுதான் முதல் விதி, இதற்கு மேல் பெரிய விதியும் இல்லை. சாமநத்தம் மாதிரிப் பறவைக்குப் பேர்போன கண்மாயைத்தான் எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை இருக்கும். அங்கே ஏற்கெனவே பலர் போய்ப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் தினமும் பேருந்தில் கடந்து போகிற, யாரும் திரும்பிப் பார்க்காத கண்மாயை எடுங்கள். அங்கே நீங்கள் எழுதுகிற முதல் வரியே அந்த இடத்தின் முதல் பதிவாக இருக்கலாம். இன்னொன்று, சித்திரை வைகாசியில் கட்டாந்தரையாகக் கிடக்கும்போதும் போவேனா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். தண்ணீர் நிற்கிற நாலைந்து மாதம் மட்டும் எண்ணுகிற ஆய்வு பாதி ஆய்வுதான், ஏனென்றால் காய்ந்த கண்மாயில்தான் ஆள்காட்டி தரையில் முட்டை வைக்கிறது.

அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோவில் கோயில்காடு வெறும் 4.97 ஹெக்டேர்தான், அதுவே 2025-ல் மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது படி: யாருடைய கண்மாய், யாரைக் கேட்பது?

பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும், நாம் பழக்கத்தில் பொதுப்பணித்துறைக் கண்மாய் என்போமே அது. அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியக் கண்மாய்கள். கரையில் நின்று பறவை எண்ணுவதற்கு யாரிடமும் எழுத்து அனுமதி வாங்க வேண்டியதில்லை, ஆனால் சரணாலயமோ காப்புக்காடோ என்றால் வனத்துறையிடம் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. அழகர்மலை, சிறுமலை, நாகமலை அடிவாரக் கண்மாய்களில் காப்புக்காட்டு எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டத்தை விட முக்கியம் ஊர். ஊராட்சித் தலைவர், மீன் குத்தகை எடுத்தவர், மடை திறக்கிற நீர்பாய்ச்சி, ஆடு மாடு மேய்க்கிறவர்கள், இந்த நாலு தரப்பிடமும் போய் நின்று என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். மதுரைப் பக்கத்தில் கரையில் பைனாகுலரோடு புதிதாக ரெண்டு பேர் நின்றால் "அளக்க வந்திருக்காங்க, எடுக்கப் போறாங்க" என்ற பேச்சுத்தான் முதலில் பரவும். "அண்ணே, பறவை எண்ணுறோம், வருஷம் முழுக்க வருவோம், எழுதினதை ஊருக்கே குடுத்துருவோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த முறை அவர்களே "நேத்து ராத்திரி வக்கா கூட்டமா வந்துச்சு" என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். அந்தத் தகவலைத் தனியாக, சொன்னவர் யார் என்ற குறிப்போடு எழுதிக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்த பதிவோடு கலக்க வேண்டாம்.

மூன்றாவது படி: வரைபடமும் நிற்கும் இடமும்

கூகுள் எர்த்தில் உங்கள் கண்மாயைத் திறந்து, பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பாருங்கள். தண்ணீர் எதுவரை பரவியிருந்தது, சீமைக்கருவேலம் எந்தப் பக்கத்திலிருந்து ஏறியது, வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதை அச்செடுத்து, கரை, மடை, கலிங்கு (நிறைந்த தண்ணீர் வழிந்து போகிற இடம்), உள்வாய், வரத்துக்கால்வாய் நுழைகிற இடம் ஆகியவற்றைக் கையால் குறியுங்கள்.

இப்போது நிற்கும் இடங்கள். சுமாரான கண்மாய்க்கு மூன்று அல்லது நாலு போதும், ஒன்றுக்கொன்று இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி. ஒன்று மடைப் பக்கம் ஆழத் தண்ணீரைப் பார்த்து, ஒன்று கலிங்குப் பக்கம், ஒன்று கட்டாயம் உள்வாயில், அதாவது தண்ணீர் மெல்ல வடிந்து சேறு தெரிகிற பக்கம். சேற்றில் இரை தேடுகிற உள்ளான் பறவைகள் எல்லாம் அங்கேதான் இருக்கும், கரையில் மட்டும் நின்று எண்ணுகிறவர்கள் அவற்றை முழுக்க விட்டுவிடுகிறார்கள். நம் பக்கம் நிலம் கிழக்கு நோக்கிச் சரிகிறதால் கண்மாய்க்கரை பெரும்பாலும் கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருக்கும், காலையில் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். இது நமக்குக் கிடைத்த வசதி, ஆகவே காலையிலேயே எண்ணுங்கள். இடங்களை முடிவு செய்த பிறகு மாற்றவே கூடாது. தண்ணீர் வற்றினாலும் அதே இடம்தான்.

நான்காவது படி: பறவைகளை எண்ணுவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வின் முதுகெலும்பே இதுதான்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை, விடிந்த அரை மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் சரியாக 15 நிமிடம். இரண்டு பேர் போவது நல்லது, ஒருவர் பைனாகுலரில் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். 8x42 அளவு பைனாகுலர் இந்த வேலைக்குச் சரியாக இருக்கும், ஒரு குழுவுக்கு ஒன்று போதும். தொலைவில் ஊசிவால் வாத்துக் கூட்டம் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொன்றாக எண்ண முயலாதீர்கள், பறந்துவிட்டால் போச்சு. முதலில் பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு, அந்த மாதிரி எத்தனை பத்து இருக்கிறது என்று ஓடவிடுங்கள். வருகிற எண் தோராயம்தான், ஆனாலும் எண்ணாக எழுதுங்கள். "நிறைய", "கூட்டம்" என்று எழுதினால் பின்னால் அதை வைத்து ஒன்றுமே செய்ய முடியாது.

ஒரு இடத்தில் எண்ணிய மீசை ஆலா பறந்து அடுத்த இடத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால் அங்கே சேர்க்காதீர்கள். பெயர் தெரியாத பறவைக்கு ஊகித்துப் பெயர் வைக்காதீர்கள். "உள்ளான் வகை, 12" என்று எழுதுவது நேர்மையான தகவல், தவறான பெயரோடு எழுதிய 12 மொத்தப் பட்டியலையும் கெடுத்துவிடும். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது, நல்ல உதவிதான், ஆனால் அது சொன்னது என்பதற்காக எழுதாமல் கண்ணால் பார்த்தபின், அல்லது அந்தக் குரல் உங்களுக்கே உறுதியாகத் தெரிந்தபின் எழுதுங்கள்.

பிறகு, பார்த்த எல்லாவற்றையும் எழுத வேண்டும். காகம், மைனா, மாடப்புறா உட்பட. இதைத்தான் முழுமையான பட்டியல் என்கிறார்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-ல் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் பட்டியலைச் சேர்க்கும்போது, "அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் பதிவு செய்தீர்களா" என்று கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். ஆம் என்று சொல்ல முடிகிற பட்டியலுக்குத்தான் ஆராய்ச்சி மதிப்பு அதிகம், ஏனென்றால் அதில் ஒரு பறவை இல்லை என்றால் அன்றைக்கு அது கண்ணில் படவில்லை என்று பொருள். அபூர்வப் பறவையை மட்டும் எழுதிய பட்டியலில் காகம் இல்லாததற்கு எந்தப் பொருளும் கிடையாது.

இப்படி நாடு முழுக்க 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் கொடுத்த சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்துத்தான் 2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தது. 942 இனங்களை மதிப்பிட்டு, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று அது சொன்னது. அந்த 3 கோடியில் தெற்கு மாவட்டக் கண்மாய்களின் பங்கைக் கூட்ட வேண்டியது நாம்தான்.

வருஷத்தில் சில நாட்களைத் தவறவிடாதீர்கள். ஜனவரியில் 1987 முதல் நடக்கிற ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்க நடக்கிற பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் உலகம் முழுக்க நாலு நாள் நடக்கிற கணக்கெடுப்பு, அப்புறம் வனத்துறை நடத்துகிற ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு. வனத்துறைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள், மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்து வையுங்கள். உங்கள் பதினைந்து நாள் எண்ணிக்கை இவற்றோடு பொருந்தி வரும்போது, அந்த ஜனவரியில் நீலச்சிறகி வாத்து உங்கள் ஊருக்கு மட்டும் வரவில்லையா, மாவட்டத்துக்கே வரவில்லையா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

மார்கழி முதல் பங்குனி வரை கண்மாய்க்குள் இருக்கிற நாட்டுக் கருவேல மரங்களில் கூடு இருந்தால் அதற்கு ஒரு தனித் தாள். எந்த மரம், என்ன பறவை, எத்தனை கூடு. கரையிலிருந்தே எண்ணுங்கள். பரிசலில் போய் மரத்தடியில் நின்றால் தாய்ப்பறவை எழும்பிவிடும், அந்த இடைவெளியில் காகம் முட்டையைத் தூக்கும், வெயிலில் குஞ்சு துவளும். கூட்டைப் படம் எடுக்கிற ஆசையை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

ஐந்தாவது படி: தண்ணீரும் மனிதரும் மாடும்

பறவை எண்ணிக்கையை மட்டும் வைத்திருந்தால் கூடியதும் குறைந்ததும் தெரியும், ஏன் என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் சில விஷயங்களைச் சேர்த்து எழுதுங்கள். மடையில் எந்தப் படி வரை தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் எவ்வளவு தெளிவு, இதற்கு 20 சென்டிமீட்டர் அகலத் தட்டில் கால் கால் பாகமாகக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி அடித்து, கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறதோ அதைக் குறிக்கலாம், செக்கி வட்டு என்று பெயர், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பில் எத்தனை பங்கை மூடியிருக்கிறது. கரையில் குப்பை கொட்டியிருக்கிறதா, சாக்கடை எங்கே கலக்கிறது. எத்தனை பேர் வலை போடுகிறார்கள், எத்தனை மாடு, எருமை, ஆடு மேய்கிறது.

எருமையை ஏன் எண்ண வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ராஜஸ்தான் பரத்பூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே கேவலாதேவ் சதுப்பு நிலத்தில் 1982-ல் பறவைகளைக் காப்பதற்காக மேய்ச்சலைத் தடை செய்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பத்தாண்டு தொடர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. எருமைகள் மேய்ந்து கட்டுப்பாட்டில் வைத்திருந்த ஒரு நீர்ப்புல், மேய்ச்சல் நின்றதும் பெருகி, திறந்த நீர்ப்பரப்பை அடைத்து, மீனும் நீர்ப்பறவையும் குறையக் காரணமானது அந்த ஆய்வில்தான் வெளியே வந்தது. நல்ல எண்ணத்தோடு செய்த காரியம் எதிராகப் போனதைக் காட்டியது பல வருஷம் சேர்த்த எண்கள். எருமை இருப்பது நல்லதா கெட்டதா என்று நாம் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம், எண்ணி வைப்போம்.

ஆறாவது படி: மீன்

கண்மாய் மீனைத் தெரிந்துகொள்ள நீங்கள் வலை வீச வேண்டாம், பிடிக்கிறவர்களிடம் போய் நின்றால் போதும். கோடையில் தண்ணீர் வற்றியதும் மேலூர், நத்தம், சிங்கம்புணரி பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா மாதிரி மீன்பிடி கருவிகளோடு சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் உள்ளே இறங்குவார்கள். ஒரு கண்மாயில் இருக்கிற அத்தனை வகை மீனும் ஒரே காலையில் கரையேறுகிற நாள் வருஷத்தில் அது ஒன்றுதான். கரையில் நின்று, வெளியே வருகிறவர்களிடம் கேட்டு, ஒவ்வொரு வகையையும் பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். விரால், குரவை, கெளுத்தி, கெண்டை வகைகள் என்று உள்ளூர்ப் பெயரோடு எழுதுங்கள், அறிவியல் பெயரை அப்புறம் கல்லூரி விலங்கியல் துறை ஆசிரியர்களிடம் காட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.

குத்தகைக்காரர் விட்ட ரோகு, கட்லா ஒரு பட்டியல், தானாக வாழ்கிற நாட்டு மீன் இன்னொரு பட்டியல், ஜிலேபி மாதிரி வெளியிலிருந்து வந்து நிலைத்துவிட்டவை மூன்றாவது பட்டியல். தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், தட்டையான அகலத் தலையும் உடல் நீளத்துக்கு ஓடுகிற முதுகுத் துடுப்பும் உள்ள மீன் கண்ணில் பட்டால் தலையை நேர் மேலிருந்து படம் எடுங்கள், நாட்டு வகையிலிருந்து பிரித்துச் சொல்ல வல்லுநர்களுக்கு அந்தக் கோணம் உதவும்.

அயிரையைப் பற்றித் தனியாக விசாரியுங்கள். மதுரையில் அயிரைக் குழம்புக்கு இருக்கிற மவுசு எல்லோருக்கும் தெரியும், ஆனால் உங்கள் கண்மாயில் அயிரை கடைசியாக எப்போது கிடைத்தது, எந்த வரத்துக்கால்வாய் மணலில் கிடைத்தது என்று அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் கிடைக்கிற பதிலில் அந்தக் கண்மாயின் கடந்தகாலம் இருக்கிறது. வரத்துக்கால்வாய் மணல் போன கதையும் அதிலேயே வந்துவிடும்.

ஏழாவது படி: மரம், செடி, பூச்சி

மரத்துக்கு சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது, மைசூரு இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை நடத்துவது. கரையில் ஒரு புங்கையையோ வேம்பையோ புளியையோ தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை இளந்தளிர், முதிர்ந்த இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று பதிவு செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை. பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தப் பகுதியை முழுக்கக் கொடுத்துவிடலாம், ஆளுக்கு ஒரு மரம். வேம்பு பங்குனியில்தான் பூக்கிறதா, முன்னாலேயே பூக்கிறதா என்று பல ஊர்ப் பிள்ளைகள் பல வருஷம் எழுதினால்தான் பருவம் மாறுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

சீமைக்கருவேலம், காட்டாமணக்கு, ஆகாயத்தாமரை எந்தப் பரப்பில் இருக்கிறது என்று வரைபடத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை நிழலிட்டுக் காட்டுங்கள். சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் நாட்டு மரம் எதுவும் மிஞ்சாத கண்மாய்களில் கொக்கும் நீர்க்காகமும் அதில்தான் கூடு கட்டுகின்றன. எந்தத் திட்டில் கூடு இருக்கிறது என்ற உங்கள் தாள் கையில் இருந்தால், அதை விட்டுவிட்டு மற்றதை முதலில் வெட்டுங்கள், இங்கே நாட்டுக் கருவேலம் வளர்ந்தபிறகு இதைப் பார்க்கலாம் என்று கேட்க முடியும்.

வண்ணத்துப்பூச்சிக்கும் தட்டானுக்கும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி. பக்கவாட்டில் ஒரு படம், மேலிருந்து ஒரு படம், தேதியும் இடமும் தானாகப் பதிவாகும். நீங்கள் வைத்த பெயரை மற்றவர்கள் பார்த்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துக்கொண்டால் அது ஆய்வுத் தரப் பதிவாகி, உலகத்தின் பல்லுயிர்த் தரவுகளைத் திரட்டுகிற ஜிபிஐஎஃப் களஞ்சியத்துக்குப் போகும். தட்டான்தானே என்று நினைக்காதீர்கள். மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், குளமே இல்லாத தீவில் ஐப்பசி வாக்கில் தட்டான் கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்து, வந்த தேதிகளைப் பல வருஷம் குறித்துவைத்தார். அந்தச் சின்ன மஞ்சள் தட்டான் இந்தியாவிலிருந்து கிளம்பிக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்ற கருத்தை 2009-ல் அவர் வெளியிட்டதற்கு ஆதாரம் அந்தத் தேதிகள். அதே தட்டான் மழைக்காலத்தில் நம் கண்மாய்க்கரையிலும் பறக்கிறது.

ஒரு எச்சரிக்கை. தேவாங்கு, எறும்புத்தின்னி, நட்சத்திர ஆமை கண்ணில் பட்டால் சரியான இடத்தைப் பொதுவில் போடவே போடாதீர்கள். அழிவு ஆபத்தில் உள்ளதாகப் பட்டியலிட்ட இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மங்கலாக்கும், ஆனாலும் வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்புகிற படத்துக்கு அந்தக் காவல் இல்லை. இவற்றைத் தொடாதீர்கள், பிடிப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

எட்டாவது படி: எழுதியதைக் காப்பாற்றுவது

களத்தில் பென்சிலும் நோட்டும், வீட்டுக்கு வந்த அன்றைக்கே கணினியில் ஒரு அட்டவணை. ஒரு வரிக்கு ஒரு பதிவு: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எந்த இடம், வானிலை, பார்த்தவர்கள், உயிரினத்தின் தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், எண்ணிக்கை, குறிப்பு. தமிழ்ப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், மடையான் என்பார்கள், குருட்டுக் கொக்கு என்பார்கள், ஆகவே அறிவியல் பெயர் இல்லாமல் விடாதீர்கள். ஒன்றுமே இல்லாத நாளுக்கும் வரி உண்டு, பூஜ்யம் என்று எழுதுங்கள். போகாத நாளுக்கு "போகவில்லை" என்று எழுதுங்கள். இந்த இரண்டையும் குழப்பினால் மொத்த வருஷமும் வீண். நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், கணினியில் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அதுதான் மூலம்.

ஒன்பதாவது படி: எண்களிலிருந்து என்ன சொல்லலாம்

ஒரு வருஷ முடிவில் என்னென்ன இனங்கள், எந்த மாதத்தில் எது உச்சம், எது கூடு கட்டியது, எந்த நீர்மட்டத்தில் எந்தப் பறவை வருகிறது, இவற்றைத் தைரியமாகச் சொல்லலாம். "பறவைகள் குறைந்துவிட்டன" என்று சொல்லக் கூடாது. அதற்குக் குறைந்தது சில வருஷமாவது அதே முறையில் எண்ணியிருக்க வேண்டும், ஏனென்றால் வடகிழக்குப் பருவமழை ஒரு வருஷம் பொய்த்தாலே எண்ணிக்கை தலைகீழாகும். வெள்ளம் வந்து கண்மாய் கடல் மாதிரி நிரம்பிய வருஷத்தில்கூட ஆழம் அதிகமாகி உள்ளான்கள் குறைவாகத் தெரியும். மிகைப்படுத்திய ஒரே ஒரு வரி போதும், எதிர்த்தரப்பு வல்லுநர் அதைப் பிடித்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்.

பத்தாவது படி: கிராமசபைக்குக் கொண்டுபோவது

2002-ம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்களிடம் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். உங்கள் ஊராட்சியின் பதிவேடு எங்கே இருக்கிறது, அதில் உங்கள் கண்மாயைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டுப் பாருங்கள். பதிவேட்டைப் புதுப்பிக்கலாம், உங்கள் பட்டியலைச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

கிராமசபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், கண்மாயைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை, வலசைப் பறவைகள் கிளம்புகிற நேரமும் அதுதான். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தமிழில், பெரிய எழுத்தில், ஒரு வரைபடம், ஒரு மாதவாரி அட்டவணை. உங்களோடு எண்ணிய பள்ளிப் பிள்ளை ஒருவரையே எழுந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

கேட்பதைச் சின்னதாக, ஊரால் செய்யக்கூடியதாகக் கேளுங்கள். கூடு இருக்கிற மாதங்களில் கண்மாய்க்குள் மரம் வெட்ட ஏலம் விடக் கூடாது. கண்மாயைத் தூர்வாரும்போது எல்லா இடத்தையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டாமல் உள்வாயில் சேற்றுச் சரிவை அப்படியே விட வேண்டும். கோடையில் கடைசித் தண்ணீரை இறைத்து மீன் பிடிக்காமல் ஒரு பள்ளத்தையாவது விட்டுவைக்க வேண்டும். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை என்பதை எடுத்துச் சொல்லுங்கள், அது மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் பக்கத்து ஊர், நம்மைப் போன்ற கண்மாய்க்காரர்கள்தான். தீர்மானம் நிறைவேறினால் நகலை வாங்கி, உங்கள் பட்டியலோடு சேர்த்து மாவட்ட வன அலுவலகத்துக்கும் தமிழ்நாடு பல்லுயிர் வாரியத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அனுப்பிய பிறகு, அடுத்த பதினைந்தாம் நாள் காலையில் அதே இடத்தில் நிற்க யார் போகிறார்கள் என்று முன்னாடியே பேசி வையுங்கள். இரண்டாம் வருஷத்தில் முதல் குழுவில் பாதிப் பேர் வேலை, படிப்பு என்று கிளம்பிவிடுவார்கள். ஆகவே முதல் வருஷத்தின் கடைசி மூன்று மாதமும் புதிதாக வருகிறவர்களைப் பக்கத்தில் நிறுத்தி, அவர்கள் எண்ணுவதையும் நீங்கள் எண்ணுவதையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஏறக்குறைய ஒத்து வந்தபிறகு நோட்டை அவர்கள் கையில் கொடுங்கள்.